இருபது நாள் பூசாரியின் மகன்

ஒகுதானி ஊர்க் கோவிலுக்கு நிரந்தரப் பூசாரி கிடையாது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பூசாரிக் குடும்பம் வாரிசில்லாமல் போயிற்று. வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்துவந்து வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ யோசனை சொன்னார்களாம். ஊராருக்கு அது பிடிக்கவில்லை. நம் சாமியின் குணம் வெளியூர்க்காரனுக்கு என்ன தெரியும் என்று கேட்டு, ஆளுக்கு ஒரு வருஷம் நாமே பார்த்துக்கொள்வோம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதிலிருந்து இன்றுவரை ஊர் ஆண்கள் வயது வரிசைப்படி வெள்ளை உடை உடுத்தி ஒரு வருஷம் பூசாரியாக இருக்கிறார்கள். பிறந்த தேதிதான் வரிசை. சிபாரிசு செல்லாது. ஒருவனுக்கு ஆயுளில் ஒரே ஒரு முறைதான் வரும்.

அந்த ஒரு வருஷம் லேசுப்பட்டதில்லை. தினமும் விடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும், பனி கொட்டினாலும் சரி. நாலுகால் பிராணிகளின் இறைச்சி கூடாது. தன் சோற்றைத் தனி அடுப்பில் தானே பொங்கிக்கொள்ள வேண்டும். பெண்டாட்டியோடு படுக்கக் கூடாது. ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. நோயாளியின் அறைக்குள் கால் வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நெருங்கிய உறவில் ஒரு சாவு விழுந்துவிட்டால் அன்றைக்கே வெள்ளை உடையைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். தீட்டுக்காரன் ஐம்பது நாளைக்குக் கோவிலுக்கு முன்னால் தூண் நட்டு நிற்கும் தோரி வாசலுக்குக் கீழே நடக்கக்கூட முடியாது. அடுத்த வயசுக்காரன் வந்து உட்கார்ந்துகொள்வான். கழற்றியவனுக்கு மறுபடி முறை வராது. ஐப்பசித் திருவிழாவை நடத்தி முடித்தவனுக்குத்தான் கோவில் மண்டபச் சுவரில் பேர்ப்பலகை.

நிஷிதெ குனியோவின் அப்பாவுக்கு அந்தச் சுவரில் பலகை இல்லை. அவர் பூசாரியாக உட்கார்ந்த இருபதாம் நாள், மார்கழிக் குளிரில் நுரையீரல் காய்ச்சல் வந்து குனியோவின் அம்மா செத்துப்போனாள். அப்பா அன்று காலையிலேயே உடையை மடித்து, பெரியவர்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். அதன் பிறகுதான் அழுதார் என்று சொல்வார்கள். ஊர் அவர்மேல் பரிதாபப்பட்டது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பரிதாபம் தீர்ந்ததும் கேலி வந்துவிட்டது. சாகும்வரை அவருக்கு 'இருபது நாள் பூசாரி' என்றே பெயர். பள்ளிக்கூடத்தில் குனியோவை 'இருபது நாள்' என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கே, இருபதுக்கு மேல் எண்ணிக் காட்டு பார்க்கலாம் என்பார்கள்.

அப்போது குனியோவுக்கு ஆறு வயது, அக்கா தொமியேவுக்குப் பதினைந்து. அம்மா போன இடத்தில் அவள்தான் வந்து நின்றாள். சோறு பொங்கினாள், தம்பியின் கிழிந்த சட்டையைத் தைத்தாள், எண்ணிக் காட்டச் சொன்ன ஒருவனை மரச்செருப்பால் முதுகில் சாத்திவிட்டு அவன் வீட்டுக்கே போய், "ஆமா, நான்தான் அடிச்சேன், மறுபடி சொன்னா மறுபடி அடிப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். தம்பி பத்தாவது முடிக்கும்வரை கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை. பிறகு ஒசாகாவில் துண்டு நெய்யும் ஆலைக்கு வேலைக்குப் போய், அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டு, ஒரு மகனைப் பெற்று, விதவையாகி, ஆறு மாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் குடியிருந்தாள்.

குனியோ முப்பத்திரண்டு வருஷம் ஊர் பஸ் ஓட்டினார். ஏரிக்கரை ரயில் நிலையத்திலிருந்து மலையடிவாரக் கோவில்வரை. அவர் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு நாற்பது நிமிஷமும் காது சும்மா இருக்காது. மைக்கைப் பிடித்துவிட்டால் கோவில் சரித்திரம் முழுவதும் கொட்டிவிடுவார். வெள்ளத்தில் ஒரு படகுப் பலகை மலைமேல் எதிர்நீச்சல் போட்டு வந்த கதை, அந்தப் பலகையை அடுப்பெரிக்க எடுத்துப்போன கிழவிக்கு அது மூன்று நாள் பற்றிக்கொள்ளாமல் அழிச்சாட்டியம் பண்ணிய கதை, அது சாமி என்று தெரிந்ததும் கிழவி, "இத மொத நாளே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று சாமியைத் திட்டிய கதை. இறங்கும்போது பாதிப் பேர் கிழவிக்காகவே கும்பிடப் போவார்கள். தன் அப்பாவைப் பற்றி மட்டும் குனியோ மைக்கில் ஒருநாளும் பேசியதில்லை.

அறுபத்தாறாவது வயதில் அவருடைய முறை வந்தது. அந்த வருஷம் மாசியிலேயே தொமியேவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்துவிட்டது. நோயாளி அறைக்கு அவர் போக முடியாது. வாரத்தில் இரண்டு நாள் அவளே ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணுவாள்.

"என்னடா சாமியாரே, இன்னைக்குக் குளிச்சியா, இல்ல தலையில தண்ணி தெளிச்சுட்டு ஏமாத்துனியா?"

"குளிச்சேன்க்கா. பல்லு இன்னும் ஆடுது."

"ஆடட்டும். மாட்டுக் கறி வாசனைக்குப் பக்கத்து வீட்டு வேலியில போய் நிக்கிறியாமே? சுமியே சொன்னா."

"அவளுக்கு வேற வேலையில்ல. அக்கா, நான் ஒரு நடை வந்துட்டுப் போகட்டுமா? காலையில வந்து சாயங்காலம் திரும்பிடுறேன். யாருக்கும் தெரியாது."

"செருப்பு பிஞ்சிடும்" என்றாள் தொமியே. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள்: "இங்க வந்து என்னத்தப் பாக்கப்போற? நான் அழகா இல்ல. நீ அங்கேயே கிட. அந்தச் சுவத்துல நம்ம வீட்டுப் பேரு ஏறணும். ஏறினதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அப்பாவ 'இருபது நாள்'னு சொன்னவன் ஒருத்தன் விடாம அந்தப் பலகைக்குக் கீழ குனிஞ்சு போகணும்டா."

திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. காலை பத்து மணி. மனைவி சுமியே சேப்பங்கிழங்கு தோண்டத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். குனியோ கூடத்தில் உட்கார்ந்து, கயிற்றில் கட்டித் தொங்கவிடும் வெள்ளைக் காகிதங்களை மடித்து வெட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுத்தார். பழக்கமில்லாத பெண் குரல்.

"ஒசாகாவுலேர்ந்து பேசுறேங்க. கவாயின்னு பேரு. தொமியே அம்மா வீட்டுக்கு மேல் மாடி. அவங்க நோட்டுல இந்த நம்பர் இருந்துச்சு. இன்னைக்கு விடியக்காலம் நாலு மணிக்கு... அவங்க போயிட்டாங்க. வலி ஒண்ணும் இல்லாம போயிட்டாங்க. நாளைக்கு எடுக்குறாங்க. ஹலோ? நீங்க அவங்க தம்பிதானே?"

அந்த நொடியில் குனியோவின் மனசில் என்ன வந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்காவின் முகம் வரவில்லை. மரச்செருப்பு வரவில்லை, சோறு வரவில்லை. 'பன்னிரண்டு நாள்' என்ற கணக்குத்தான் வந்தது. இன்னும் பன்னிரண்டே நாள்.

"ஹலோ, தம்பிதானே?"

"இல்லைங்க" என்றார் குனியோ. "எனக்கு அக்கா யாரும் கிடையாது. நம்பர் தப்புங்க."

"ஐயையோ, மன்னிச்சுக்குங்க. வேல நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேன். கண்ணு சரியாத் தெரியல எனக்கு. மன்னிச்சுக்குங்க" என்று அந்தப் பெண் இரண்டு மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாள். "பரவால்லைங்க" என்று இவரும் பெருந்தன்மையாகச் சொன்னார்.

போனை வைத்துவிட்டு வந்து காகிதத்தைக் கையில் எடுத்தார். மடிப்பு கோணியது. இன்னொன்று எடுத்தார், அதுவும் கோணியது. பதினோரு தாள் வீணாயிற்று. அழுகை வந்தால் அழுதுவிடலாம் என்று காத்திருந்து பார்த்தார். அதுவும் வரவில்லை. சொல்லாத சாவு சாவே இல்லை என்று அவருடைய உடம்பே தீர்மானித்துவிட்டதுபோல் இருந்தது. சுமியே மண்கையோடு உள்ளே வந்து, "போன் அடிச்சுதே, யாருங்க?" என்று கேட்டாள்.

"நம்பர் தப்பு."

"அக்காவோன்னு ஓடி வந்தேன்."

"நம்பர் தப்புன்னு சொல்றேன்ல" என்று எரிந்து விழுந்தார். விரதக்காரனுக்கு எரிச்சல் வரும்தான் என்று அவள் கிழங்கை அலசப் போய்விட்டாள்.

அடுத்து அக்காவின் மகன் ரியோஹே கூப்பிடுவான் என்று பயந்துகொண்டே இருந்தார். அவனுடைய குரலை யாரோ ஒருவரின் குரல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அன்று கூப்பிடவில்லை. மறுநாள் கூப்பிடவில்லை. அக்காவை எரிக்கும் நேரம் என்று அவர் கணக்குப் போட்டுவைத்திருந்த நேரத்தில், மண்டபத்தின் படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாகியும் போன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கவே பயந்தார். வராததில் ஒரு நிம்மதி இருந்தது பாருங்கள், அந்த நிம்மதியை நினைத்தால்தான் அவருக்கு அவர்மேலேயே அருவருப்பு வந்தது. காலையில் ஒரு வாளிக்குப் பதில் மூன்று வாளி ஊற்றிக்கொண்டார். தண்ணீர் கீழே ஓடிற்று, வேறொன்றும் ஓடவில்லை.

திருவிழா அன்று தப்பாக ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தார். மழை கொட்டும், படையல் மீன் கையிலிருந்து வழுக்கும், துதி படிக்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்றுமே நடக்கவில்லை. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. புது அரிசி, உப்பு, மது, வால் வளைந்த பெரிய மீன் எல்லாம் தட்டில் சொன்னபடி உட்கார்ந்தன. முப்பத்திரண்டு வருஷம் மைக்கில் பேசிய தொண்டை. பழைய மொழித் துதியை அவர் படித்தபோது, எப்போதும் பின்னால் நின்று தூங்கும் கிழவர்கள்கூடக் கண் திறந்து பார்த்தார்கள். பல்லக்கு ஆற்றங்கரைவரை போய் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தது.

ஊர்ப் பெரியவர்களில் மூத்தவரான ஷின்போ, எண்பத்தெட்டு வயது, யாரையும் வாய் திறந்து பாராட்டாதவர், அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். "குனியோ, நான் எம்பது திருவிழா பாத்துட்டேன். இந்த மாதிரி ஒரு குரல் கேட்டதில்ல. உங்கப்பன் பாக்கியில வெச்சதயும் சேத்து அடைச்சுட்டடா."

ஊர் கைதட்டியது. குனியோ தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். சாமி தன்னை அங்கேயே அடித்துப் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது. சாமி அடிக்கவில்லை. கிழவி மூன்று நாள் அடுப்பில் வைத்தும் பொறுத்துக்கொண்ட சாமி அது. பதினைந்து நாள் கழித்து, தேவதாருப் பலகையில் மையால் எழுதி, 'நிஷிதெ குனியோ' என்று சுவரில் ஏற்றினார்கள்.

பலகை ஏறிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, குழந்தைகளைக் கோவிலுக்கு அழைத்துவரும் நாளைப் பற்றிப் பேச ஷின்போ வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வாசற்கதவு நகர்ந்தது. கறுப்புக் கோட்டு போட்ட ஓர் ஆள், செருப்பு கழற்றும் இடத்தோடு நின்றுகொண்டான். ரியோஹே. நாற்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, ஒசாகாவில் லாரி ஓட்டுகிறான்.

"உள்ள வாடா, ஏன் அங்கேயே நிக்கிற?" என்றார் குனியோ.

"நான் உள்ள வரக்கூடாது மாமா."

சொல்லிவிட்டு அந்தச் சிமென்டுத் தரையில் மண்டியிட்டு, இரண்டு கையையும் ஊன்றி, நெற்றி தரையில் படும்படி குனிந்தான். "அம்மா போயிட்டாங்க மாமா. ஒரு மாசம் ஆச்சு. உங்களுக்குச் சொல்லாம மறைச்சுட்டேன். திருவிழா முடிஞ்சு, பேரு சுவத்துல ஏறின அப்புறம்தான் மாமாவுக்குச் சொல்லணும்னு அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. தெரிஞ்சா நீங்க ஒரு நிமிஷம் நிக்க மாட்டீங்களாம். உடையக் கழட்டிப் போட்டுட்டு ஓடி வந்துடுவீங்களாம். 'அவன் அப்படித்தான், அவங்கப்பா மாதிரி'ன்னாங்க. ஒரே தம்பி. கடைசியா ஒரு தடவ மொகம் பாக்க விடாம பண்ணிட்டேன். மன்னிச்சுடுங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறந்ததும் குனியோ சொன்னது வேறு. "ஏன்டா..." என்றார், குரல் நடுங்க. "ஏன்டா என்கிட்ட சொல்லல?"

அந்த நடுக்கம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அவ்வளவு நன்றாக நடுங்கியது. ரியோஹேயின் நெற்றி தரையிலிருந்து எழவே இல்லை. "மன்னிச்சுடுங்க மாமா, மன்னிச்சுடுங்க" என்று சிமென்டைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தான்.

ஷின்போ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தொமியே... அந்தக் காலத்துலயே எவனையோ செருப்பால அடிச்சா. அடி வாங்கினது என் கடைசித் தம்பிதான். எந்திரி தம்பி, எந்திரி. உங்கம்மா இந்த ஊருக்கே பெரிய காரியம் பண்ணிட்டுப் போயிருக்கா. குனியோ, நீ தெரியாம செஞ்சது. தெரியாதவனுக்குத் தீட்டு இல்ல. திருவிழா சுத்தமாத்தான் நடந்துச்சு, நான் சொல்றேன். இன்னையிலேர்ந்து உடையக் கழட்டு, பாக்கி நாள அடுத்தவன் பாத்துப்பான். உன் பலகைய எவனும் தொட முடியாது."

ரியோஹே முகத்தைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தான். "ஒரு கண்டம் தாண்டிச்சு தெரியுமா மாமா? மாடி வீட்டு கவாயி அம்மா, விஷயம் தெரியாம, அம்மா போன அன்னைக்கே உங்களுக்கு போன் போட்டுட்டாங்க. நல்லவேள, நம்பரத் தப்பாப் போட்டுட்டாங்க. யாரோ ஒருத்தர் எடுத்து, எனக்கு அக்காவே கெடையாதுன்னுட்டாராம். அந்த மனுஷன் நல்லா இருக்கணும்."

தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்த சுமியே கூடத்தின் நடுவில் நின்றுவிட்டாள். புருஷனைப் பார்த்தாள். அவர் பாயைப் பார்த்தார். தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு வெளியே வரவே இல்லை. விருந்தாளிக்கு முன்னால் அவள் அப்படிச் செய்தது நாற்பது வருஷக் குடித்தனத்தில் அதுதான் முதல் தடவை.

அம்மாவின் படத்துக்கு முன்னால் வைக்கப் பேர்ப்பலகையின் போட்டோ வேண்டும் என்றான் ரியோஹே. இரண்டு பேரும் கோவிலுக்கு நடந்தார்கள். குனியோ வெள்ளை உடையைக் கழற்றி ஷின்போவிடம் கொடுத்துவிட்டுப் பழைய பஸ்காரச் சட்டையைப் போட்டிருந்தார். வழியில் பார்த்தவர்கள் எல்லோரும், விஷயம் அதற்குள் பரவிவிட்டதால், நின்று வணங்கினார்கள். தோரி வாசலுக்கு வெளியே சரளைக்கல் பரப்பிய இடத்தில் மாமனும் மருமகனும் நின்றார்கள். இரண்டு பேருமே தீட்டுக்காரர்கள், உள்ளே போக முடியாது. மண்டபத்தின் சுவர் தூரத்தில் இருட்டாகத் தெரிந்தது.

அந்த நேரம் பத்து மணி பஸ் வந்து நின்று ஒரு கூட்டத்தை இறக்கியது. சிவப்புத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் குனியோவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடி வந்தாள். "நீங்க பஸ்ல கத சொல்ற டிரைவர்தானே! ஆறு வருஷத்துக்கு முன்னாடி வந்தேன். கிழவி கத! என் சிநேகிதிங்க எல்லாரையும் உங்களுக்காகவே கூட்டிட்டு வந்தேன், வண்டியில பாத்தா வேற ஆளு. ஒரு தடவ சொல்லுங்களேன்."

"இன்னைக்கு வேணாம்மா" என்றார் குனியோ.

"சொல்லுங்க மாமா" என்றான் ரியோஹே மெதுவாக. "அம்மா சொல்லித்தான் கேட்டிருக்கேன். உங்க வாயால கேக்கணும்."

சொன்னார். படகுப் பலகை மலையேறியது. அடுப்பு பற்றவில்லை. கிழவி திட்டினாள். கூட்டம் சிரித்தது, ரியோஹேயும் சிரித்தான். பூசாரிக் குடும்பம் போனது, ஊர் முறை எடுத்தது, வெள்ளை உடை, பச்சைத் தண்ணீர், தீட்டு வந்தால் அன்றைக்கே கழற்றுவது என்று பழகிய நாக்கு தானாக ஓடியது. சிவப்புத் தொப்பிக்காரி இடையில் புகுந்தாள். "அதெப்படிங்க? வெளியூர்ல ஒரு சாவு விழுது. இவரு யாருக்கும் சொல்லாம அமுக்கிட்டா யாருக்குத் தெரியும்?"

பஸ்ஸில் இந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கேட்பது வழக்கம். அதற்கு முப்பத்திரண்டு வருஷமாக அவரிடம் ஒரு பதில் இருந்தது: அப்படி ஒருத்தன் இந்த ஊர்ல இன்னும் பொறக்கலைங்க. அதற்குக் கைதட்டு விழும். குனியோ வாயைத் திறந்தார். "எனக்குத் தெரியலைம்மா" என்றார். கழுத்திலிருந்து காதுவரை சூடாக ஏறியது.

ரியோஹே அந்த அம்மாளிடம் தன் போனைக் கொடுத்து, உள்ளே வலது பக்கச் சுவரில் கடைசிப் பலகையைப் படம் எடுத்துவரும்படி கேட்டுக்கொண்டான். அவள் போய் எடுத்து வந்தாள். "இவர் பேரா! வாழ்த்துகள் டிரைவர் ஐயா!" என்று குனியோவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தன் கூட்டத்தைச் சேர்க்கப் போனாள்.

ரியோஹே படத்தைப் பார்த்தான். தோள் குலுங்கியது. "அம்மா இதுக்காகத்தான் மாமா, டாக்டர் சொன்ன நாளுக்கு மேல மூணு வாரம் இழுத்துப் பிடிச்சுட்டு இருந்தாங்க. திருவிழா வரைக்கும் தாங்கிடணும்னு ஊசி போடுற பொண்ணுகிட்டல்லாம் நாள் கேப்பாங்க. பன்னெண்டு நாள்ல தவறிப்போச்சு. பாருங்க, எவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க..."

"ரியோஹே" என்றார் குனியோ. "அந்த போன எடுத்தது நான்தான்."

"எந்த போன்?"

"கவாயி அம்மா நம்பர சரியாத்தான் போட்டாங்க."

லாரி ஓட்டுகிறவன், நிதானமானவன். புரிய நேரம் பிடித்தது. போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான். "அவங்க கிட்ட என்ன சொன்னீங்க?"

"அதான் அவங்க உன்கிட்ட..."

"நீங்க சொல்லுங்க. என்ன சொன்னீங்க?"

"எனக்கு அக்கா யாரும் கெடையாதுன்னு சொன்னேன்."

குனியோவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கம் என்றால் முகத்தில் வந்து போகும் ஒன்று என்று அறுபத்தாறு வருஷமும் நினைத்திருந்தார். அது வயிற்றில் உட்காரும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"எரிச்ச அப்புறம் எலும்பு எடுக்க ஆள் இல்ல மாமா" என்றான் ரியோஹே. கத்தவில்லை. "ரெண்டு பேரு குச்சியால ஒரே எலும்பப் பிடிச்சுத்தானே கலயத்துல எடுத்து வைக்கணும். நானும் கவாயி அம்மாவும் மட்டும்தான். அவங்களுக்குக் கண்ணு தெரியல, கை நடுங்குது. கீழ விழுந்துடுச்சு ஒண்ணு. மாமாவக் கூப்பிடாம விட்டுட்டோமேன்னு அப்போ செத்தேன் நான். மாமா வந்து எப்படி அழுவாரோன்னு ஒரு மாசம் தூங்கல." நிறுத்திக்கொண்டான். "காலையில உங்க முன்னாடி தலையத் தரையில வெச்சேனே, அதத் திருப்பிக் குடுங்க மாமா. அது எனக்கு வேணும்."

குனியோ சரளைக்கல்லில் மண்டியிட்டார். கையை ஊன்றினார். நெற்றியைக் கல்லில் வைத்தார். சரளை குத்தியது. அவனுடைய கறுப்புச் செருப்பின் முனை கண்ணுக்கு நேரே இருந்தது. போதும் என்று அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் செருப்பு திரும்பியது. சரளையில் நடக்கும் சத்தம் பஸ் நிற்கும் பக்கமாகப் போனது. பஸ் கதவு மூடியது. தானே ஓட்டிய வண்டி, சத்தத்தை வைத்தே எந்த வளைவில் போகிறது என்று அவரால் சொல்ல முடியும். கடைசி வளைவும் தாண்டிய பிறகும் அவர் எழவில்லை.

பக்கத்தில் சரளை நொறுங்கும் சத்தம் கேட்டது. தலையைத் திருப்பினார். சிவப்புத் தொப்பிக்காரி தொப்பியைக் கழற்றிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மண்டியிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய சிநேகிதிகள் ஆறேழு பேர், ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி, தோரி வாசலைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

"பழைய முறையா டிரைவர் ஐயா?" என்று அவள் பக்தியோடு கேட்டாள். "நெத்தி தரையில படணுமா?"

"வேணாம்மா, எந்திரிங்க. நீங்க எல்லாரும் எந்திரிங்க" என்றார் குனியோ. "எங்க அக்கா செத்துப்போயிட்டாங்க."

அவள் போய் ஒரு மாசம் ஆகியிருந்தது. அவர் வாயால் அதைச் சொன்னது அப்போதுதான்.